எதிரிக்குப் பயம் உண்டா? – மேசைப்போர் ஆட்டமும் புதியவருக்கான பாடமும்

1

பகடையும் பென்சிலும் வைத்துக்கொண்டு நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பூதம் கொல்லும் ஆட்டத்தைப் பற்றி விமர்சனக் கட்டுரையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். சினிமாவை, பாடநூலை, விளம்பரத்தை எல்லாம் பிரதியாக எடுத்துக்கொண்டு அவற்றுக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று வாசிக்கப் பழகியிருக்கிறோம். விளையாட்டின் விதிநூலை மட்டும் 'சின்னப்பிள்ளை சமாச்சாரம்' என்று ஒதுக்குவதற்கு நியாயம் ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வாசகன் வெறுமனே வாசித்துவிட்டுப் போகும் பிரதி அல்ல விதிநூல். அதை வாசித்தவர் அதன்படி நடக்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும், அடிக்க வேண்டும் அல்லது ஓட வேண்டும். நடத்தையை நேரடியாக உற்பத்தி செய்யும் பிரதி அது.

நான் எடுத்துக்கொள்வது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரின் பெயரில் மூன்று சிறு புத்தகங்களாக, முதலில் அச்சானது ஆயிரம் பிரதிகள். அறியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் 'டஞ்சன் மாஸ்டர்'. நடுவர் என்று வைத்துக்கொள்வோம். குகை, கோட்டை, காடு ஆகியவற்றை மனதில் வைத்திருப்பவர் அவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரர், மந்திரவாதி, திருடர், பூசாரி. நடுவர் சூழலை வாயால் விவரிக்கிறார். "என்ன செய்றீங்க?" என்று கேட்கிறார். ஆடுபவர்கள் சொல்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமிருக்கும் இடத்தில் பகடை பேசுகிறது. வெற்றி தோல்வி என்று முடிவே கிடையாது. கதை நீண்டுகொண்டே போகும்.

இந்த ஆட்டத்தின் அரசியலைப் பற்றிச் சில வருடங்களாகவே அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர்க், காப்ளின் போன்ற 'இனங்கள்' பிறவியிலேயே தீயவை என்று எழுதி வைத்திருந்ததை எதிர்த்துக் கேள்விகள் எழுந்தன. 2020இல் பதிப்பாளர்கள் திருத்திக்கொள்வதாக அறிவித்தார்கள். 2024இல் வந்த புதிய ஆட்டக்காரர் கையேட்டில் 'இனம்' என்ற சொல்லே போய் 'உயிரினவகை' என்ற பொருள்படும் சொல் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் பெயரிடலில் மட்டுமே அரசியலைத் தேடும் வாசிப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. இந்த ஆட்டத்தில் மற்றமை உருவாக்கப்படும் இடம் சண்டை. முதன்முதலாக மேசைக்கு வருகிற ஒருவருக்கு முதல் சண்டையில் என்ன சொல்லித்தரப்படுகிறது? யாரோடு பேசலாம், யாரைக் கண்டால் ஓடலாம், யாரைக் கேள்வியில்லாமல் போட்டுத்தள்ளலாம் என்பதை அவர் எங்கிருந்து கற்றுக்கொள்கிறார்? கெட்டவன் என்று எழுதியிருந்ததை அழித்துவிடலாம். அவனுக்குப் பயம் உண்டா, அவன் சரணடைய முடியுமா என்பதை முடிவு செய்யும் விதி அப்படியே இருந்தால் என்ன மாறிவிடும்?

2

இந்த ஆட்டத்தின் வம்சாவளியைப் பார்த்தால் 'கற்பித்தல்' அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட விஷயமல்ல என்பது புரியும். 1812இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற சிவில் அதிகாரி அரசருக்காக ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்தார். அவருடைய மகன், பீரங்கிப்படை அதிகாரி, 1824இல் அதை வரைபடத்தின்மேல் ஆடும் 'கிரீக்ஸ்ஷ்பீல்' ஆக மாற்றினார். ராணுவ அதிகாரிகளுக்குப் போர் சொல்லிக்கொடுக்கும் கருவி அது. இரு தரப்பும் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். எதிரியின் கண்ணுக்குத் தெரியக்கூடிய படைகளை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைப்பார். மோதலின் விளைவைப் பகடையும் அட்டவணையும் தீர்மானிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது: பார்வையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரம் நடுவரிடம் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ஃபூக்கோ ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைப் பற்றிச் சொன்னவற்றை அறிந்தவர்களுக்கு இந்த மேசையைக் கண்டதும் பொறி தட்டும். பார்க்கப்படுபவர் பயிற்சி பெறுகிறார். பார்ப்பவர் மதிப்பெண் போடுகிறார். 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி இன்னும் ஒரு படி போய், அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு நடுவரே தன் அனுபவத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாம் என்றார். விதியின் அதிகாரம் போய் ஆளின் அதிகாரம் வந்தது. இரண்டில் எது மேல் என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை. பிறகு அதற்கு வருகிறேன்.

1969இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் - செயின்ட் பால் இரட்டை நகரத்தில் டேவிட் வெஸ்லி ஒரு நெப்போலியன் காலத்துப் போராட்டம் நடத்தினார். கற்பனை ஊருக்குப் 'பிரவுன்ஸ்டைன்' என்று பெயர். படைத்தலைவர்களோடு நிற்காமல், ஊர் மேயர், மாணவர் என்று படையே இல்லாத ஆட்களையும் ஆளுக்கொருவராகக் கொடுத்தார். படை இல்லாதவன் போர்மேசையில் என்ன செய்வான்? பேசுவான், பேரம் பேசுவான், ஒளிவான், காட்டிக்கொடுப்பான். இந்த உடைப்பிலிருந்துதான் ஆர்னசனின் ஆட்டமும் அதிலிருந்து 1974ஆம் ஆண்டுப் புத்தகங்களும் வருகின்றன. ஆனால் போர்மேசையின் வாடை போய்விடவில்லை. கைகாக்ஸ் 1973இல் கூட்டாளியோடு தொடங்கிய பதிப்பகத்தின் பெயரே 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்'. போர்த்தந்திர ஆய்வு விதிகள்! கல்வியும் தந்திரமும் விதியும் மூன்று சொல்லில் அடங்கிவிட்டன. ராணுவப் பள்ளியின் பாடத்திட்டமும், படையில்லாதவனின் பேச்சுத் தந்திரமும் ஒரே மேசையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆட்டம் இது. எது எப்போது மேலே வருகிறது என்பதே நமக்குக் கேள்வி.

3

புதியவர்களுக்கென்றே எழுதப்பட்ட விதிநூல்களில் டாம் மோல்ட்வே 1981இல் தொகுத்த 'பேசிக்' நூலை எடுத்துக்கொள்கிறேன். 64 பக்கம்தான். அதன் எண்களை மட்டும் வாசித்தாலே ஒரு அரசியல் வெளிப்படும்.

முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி எவ்வளவு என்பதை நான்கு முகப் பகடை சொல்கிறது: 1 முதல் 4. ஒரு காப்ளின் அடித்தால் ஆறு முகப் பகடை: 1 முதல் 6. அடி விழுந்தால் மந்திரவாதி சாவதற்கான வாய்ப்பு நான்கில் மூன்று. பூஜ்யம் வந்தால் சாவு; வேறு பேச்சில்லை. கவசம் போடக்கூடாது, கையில் ஒரே ஒரு மந்திரம். அடுத்து, அனுபவப்புள்ளி. வாள்வீரர் இரண்டாம் நிலைக்குப் போக 2000 புள்ளி வேண்டும். ஒரு காப்ளினைக் கொன்றால் 5 புள்ளி, அதையும் கூட்டாளிகளோடு பங்கு போட வேண்டும். அதாவது தனியாளாகக் கொன்றாலும் 400 காப்ளின்! ஆனால் குகையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. கணக்குத் தெரிந்தவர்கள் சண்டைக்குப் போவார்களா? சண்டை நஷ்டம். தவிர்க்க முடியாமல் போனால்தான் சண்டை.

மூன்றாவது, எதிர்வினைப் பட்டியல். எதிரே யாரேனும் வந்தால், எப்போதும் தாக்கும் சில பிராணிகளை விட்டுவிட்டால், நடுவர் இரண்டு பகடை உருட்டுகிறார். இரண்டு வந்தால் மட்டுமே உடனடித் தாக்குதல். 36இல் ஒரே ஒரு வாய்ப்பு. 3 முதல் 5 வரை விரோதம், தாக்கலாம். 6 முதல் 8 வரை குழப்பம், முடிவெடுக்கவில்லை. 9 முதல் 11 வரை தாக்காது. விலகிப்போகலாம் அல்லது என்ன தருகிறாய் என்று கேட்கலாம். 12 வந்தால் நட்பு. அதிகமாக வருவது குழப்பம்தான், 36இல் 16. அதாவது, இந்த விதியின்படி மற்றமையின் இயல்பான நிலை விரோதம் கிடையாது, தயக்கம். இருட்டில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று பார்த்து விழிக்கிறது. அந்தக் கணத்தில் வாயைத் திறப்பவனுக்கு வேலை இருக்கிறது.

நான்காவதுதான் முக்கியம்: மனஉறுதி. ஒவ்வொரு பிராணிக்கும் 2 முதல் 12 வரை ஒரு எண். அந்தப் பக்கத்தில் முதல் சாவு விழும்போதும் பாதிப்பேர் விழும்போதும் இரண்டு பகடை. அந்த எண்ணுக்கு மேலே போனால் அவர்கள் ஓடுகிறார்கள் அல்லது சரணடைகிறார்கள். எலும்புக்கூட்டுக்கு 12, அதற்குப் பயமே கிடையாது, செத்தது மறுபடி சாகுமா? காப்ளினுக்கு 7, தலைவன் கூட இருந்தால் 9. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைவன் இல்லாத காப்ளின் கூட்டம் இந்த இரண்டு சோதனைகளில் ஏதாவது ஒன்றில் உடைந்துபோவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. ஆகப் பெரும்பாலான சண்டைகள் எல்லோரும் செத்து முடிவதில்லை. பாதியில் ஓட்டம், மண்டியிடல், பேரம்.

இந்த நாலு விதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் புதியவருக்குக் கிடைக்கும் தந்திரப் பாடம் என்ன? நேரே மோதாதே. முதலில் கேள், பார், மோந்து பார். எத்தனை பேர், தலைவன் யார், வெளியேறும் வழி எது என்று விசாரி. ஓட வேண்டியிருந்தால் துரத்துபவர் முன்னால் தீனியைப் போடு, காசை வீசு (இதற்கும் விதி இருக்கிறது). தலைவனைப் பிரி, மற்றவர்கள் தாமே கலைவார்கள். இது வீரனின் பாடம் இல்லை, பலவீனனின் பாடம். மிஷெல் தெ செர்த்தோ 1980இல் வெளியான அன்றாட வாழ்வு பற்றிய தன் நூலில் வியூகத்தையும் தந்திரத்தையும் பிரித்தார். தனக்கென்று ஓர் இடத்தை உடையவர்களின் கணக்கு வியூகம். அடுத்தவன் இடத்தில், அடுத்தவன் விதிக்குள், சந்து பார்த்துச் செய்வது தந்திரம், பலவீனர்களின் கலை. 1981ஆம் ஆண்டு நூல் முதல்நிலை ஆட்டக்காரரை அந்த நிலையில்தான் நிறுத்துகிறது. இன்னொருவரின் வீட்டில், இருட்டில், நாலு புள்ளி உயிரோடு.

4

இங்கேயே நிறுத்திவிட்டால் பழசைப் போற்றும் கட்டுரையாகிவிடும். பழைய ஆட்டம், பழைய நேர்மை என்று உருகுகிற கூட்டம் ஒன்று அங்கே இருக்கிறது. எனக்கு அதில் சேர்க்கை இல்லை. 'இன்னொருவரின் வீடு' என்றேனே, அந்த வீட்டுக்குள் எதற்காகப் போகிறார்கள்?

மேற்படி நூலோடு ஒரே பெட்டியில் வந்த ஆட்டக்களம், கைகாக்ஸ் எழுதிய 'எல்லைப்புறக் கோட்டை'. ஒரு பக்கம் கோட்டை: சட்டம், மதில், சந்தை, கோயில். மறுபக்கம் குகைகள்: கோபால்ட், ஓர்க், காப்ளின் எல்லாம் குடும்பம் குடும்பமாக. மையம் / விளிம்பு, ஒழுங்கு / குழப்பம் என்ற இருமை எதிர்வை இதைவிடத் தெளிவாக வரைபடமாகப் போட முடியாது. அமெரிக்க மேற்கு எல்லைக் கதையாடல் குதிரையை விட்டிறங்கிக் கவசம் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குகைகளில் பெண்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். நூல் அவர்களை எண்ணிக்கை போட்டுக் காட்டுகிறது. கோபால்ட் குஞ்சுகள் தாக்காது என்றும் குறிக்கிறது. தாக்காதவர்களை என்ன செய்வது என்று மட்டும் சொல்வதில்லை. அந்த மௌனம்தான் பிரதியின் வெடிப்பு. ஒவ்வொரு மேசையும் அந்த மௌனத்தைத் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும்.

ஒரு சின்ன விவரம் என்னை மிகவும் ஈர்க்கிறது. கோட்டையில் உலவும் வதந்திகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. புதியவர் பகடை உருட்டி ஒன்றிரண்டைத் தெரிந்துகொண்டு கிளம்பலாம். அதில் ஒன்று, காப்ளின் மொழியில் 'பிரீ-யார்க்' என்றால் 'சரணடைகிறோம்' என்று பொருள். பொய் என்று நடுவருக்கு மட்டும் குறித்திருக்கிறது. உண்மையில் அது ஆள் கூப்பிடும் அபாயக் குரல். காப்ளின்கள் அதைக் கத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஓகர் என்ற அரக்கனுக்கு 250 பொற்காசு மூட்டையை எறிந்து துணைக்குக் கூப்பிடுகின்றன. புதியவர் சரணடைகிறார்கள் என்று வாளைத் தாழ்த்துவார், அரக்கன் வந்து நிற்பான்.

வேடிக்கைதான். ஆனால் பாடமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மற்றமையின் மொழியை நம்பாதே. சரணடைவது போலக் கேட்டாலும் அது சூழ்ச்சி. அடுத்த முறை எவனாவது உண்மையிலேயே மண்டியிட்டால் அந்த ஆட்டக்காரர் என்ன செய்வார்? இதே விவரத்தைத் தலைகீழாகவும் வாசிக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வதந்தியை நம்பினாய், மொழியைக் கற்கவில்லை. அவர்களோடு பேசியிருந்தால் தெரிந்திருக்கும். அரக்கன் கூலிக்குத்தானே வருகிறான், அதைவிட அதிகம் நீ கொடுத்தால்? அந்த நூலே குகைவாசிகளுக்கிடையே பகை உண்டு, அதைப் பயன்படுத்தலாம் என்று நடுவருக்கு யோசனை சொல்கிறது. எந்த வாசிப்பு புதியவருக்குப் போய்ச் சேரும் என்பது மேசையில் சொல்லிக்கொடுப்பவரைப் பொறுத்தது.

கைகாக்ஸ் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்கும் சான்று உண்டு. 2005இல் ஒரு கேள்வி: 'நல்லவன்' என்று சார்பு பூண்ட பாத்திரம் பிடிபட்டவர்களைக் கொல்லலாமா? பதில் சொல்லும்போது அவர் எடுத்துக்காட்டியது கர்னல் சிவிங்டன் பெயரில் வழங்கும் வாசகத்தை. ஈரே பேனாகும், ஆகவே குஞ்சுகளையும் விடாதே என்பது அதன் சாரம். 1864 நவம்பரில் கொலராடோவின் சேண்ட் கிரீக்கில் செயேன், அரபாஹோ பழங்குடியினரை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், கொன்று குவித்த படையின் தலைவர் இந்த சிவிங்டன். அங்கே வெள்ளைக்கொடி பறந்துகொண்டிருந்தது. கற்பனைக் குகையின் மௌனத்தை நிரப்ப ஆசிரியருக்குக் கைக்கெட்டியது ஒரு நிஜப் படுகொலையின் வாசகம். இதற்குமேல் 'வெறும் விளையாட்டுதானே' என்று யார் சொல்ல முடியும்?

ஆனாலும், ஆசிரியரின் இந்த நோக்கத்தை அவர் காலத்து விதியே அனுமதிப்பதில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். மனஉறுதி எண் அச்சாகியிருக்கும்வரை காப்ளின் பயப்படும், மண்டியிடும். மண்டியிட்டவன் முன்னால் ஆட்டக்காரர் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். ஆசிரியர் செத்தாலும் பிரதி பேசும் என்கிறோமே, அது இதுதான்.

5

பலவீனனின் தந்திரம் ஆட்டக்காரர் பக்கம் மட்டும்தானா? 1987 நவம்பரில் 'டிராகன்' இதழின் 127ஆம் எண்ணில் ஆசிரியர் ராஜர் மூர் எழுதிய ஒரு தலையங்கம் இந்த உலகத்தில் புராணம் போல ஆகிவிட்டது. 'டக்கரின் கோபால்டுகள்'. கோபால்ட் என்பது இந்த ஆட்டத்தின் மிக அற்பமான பிராணி, நாலு புள்ளி உயிர். ஆனால் டக்கர் என்ற நடுவரின் குகையில், பல நிலைகள் தாண்டிய பெரும் வீரர்கள் எல்லாம் முதல் தளத்துக் கோபால்டுகளுக்குப் பயந்து ஓடினார்கள். அவை குறுகிய வளைகளில் இருந்து அம்பு விட்டன, சுவர்த் துளைகளின் வழியே தாக்கின, தீயை மூட்டிப் பாதையை அடைத்தன, புகைக்குள் விரட்டின. நேருக்கு நேர் நிற்கவே இல்லை. இது நடந்தது அமெரிக்கத் தரைப்படையின் ஃபோர்ட் பிராக் முகாம் வட்டாரத்தில் என்பது தலையங்கம் சொல்லும் செய்தி. சிறப்புப் படைகளின் தலைமையகம் இருந்த அதே முகாம்! வியட்நாமில் சுரங்கத்தைக் கண்டு திரும்பிய ராணுவத்தின் கனவில் கோபால்ட் வந்திருக்கிறது என்று வாசித்தால் அது அதிகப்படியா?

தலையங்கத்தின் நோக்கம் நடுவர்களுக்குப் பாடம் சொல்வது: எண்களை ஏற்றாதே, அற்பப் பிராணிக்கு மூளை கொடு. நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறேன். எதிரிக்குத் தந்திரம் உண்டு என்று ஒப்புக்கொண்ட மறுகணம் அவனுக்கு வீடு உண்டு, அந்த வீட்டின் மூலைமுடுக்கு அவனுக்குத் தெரியும், அவன் எதையோ காப்பாற்றுகிறான் என்றும் ஒப்புக்கொண்டாகிவிட்டது. புள்ளிவிவரமாக இருந்தவன் தன்னிலையாகிறான். அவனை 'தீயவன்' என்று புத்தகம் சொல்லிவிட்டுப் போகட்டும். மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியும், நாம்தான் அவன் வீட்டுக்குள் புகுந்திருக்கிறோம் என்று.

6

பிறகு வந்த பதிப்புகளில் என்ன நடந்தது? 2000இல் மூன்றாம் பதிப்பு. அதற்குள் பழைய பதிப்பகத்தைப் பெரிய நிறுவனம் வாங்கி, அதை இன்னும் பெரிய நிறுவனம் வாங்கியாகிவிட்டது. சண்டை கட்டம் போட்ட தாளுக்கு வந்தது. எந்தக் கட்டத்திலிருந்து நகர்ந்தால் எதிரிக்கு இலவசமாக ஓர் அடி கிடைக்கும், எந்தப் பக்கம் நின்று இருவர் சேர்ந்து வளைத்தால் கூடுதல் எண் என்றெல்லாம் துல்லியமாக. 2008இன் நான்காம் பதிப்பில் ஆட்டக்காரர்களுக்குச் சண்டைப் பொறுப்புகளே பிரித்துக் கொடுக்கப்பட்டன: காப்பவர், தாக்குபவர், தலைமை தாங்குபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர். தொழிற்சாலையின் வேலைப்பிரிவினை குகைக்குள் வந்தது. ஒவ்வொரு மோதலும் குழுவின் பலத்துக்கு ஏற்ப அளந்து சமைக்கப்படுகிறது. அளந்து வைத்தவனிடமிருந்து ஓடுவது எதற்கு? வென்றுவிடலாம் என்பதற்கான உத்தரவாதம் ஏற்கெனவே தரப்பட்டாயிற்று.

இந்தத் துல்லியத்தின் நடுவே ஒன்று நழுவிப்போனது. மூன்றாம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பிராணிக்கும் தனி மனஉறுதி எண் என்பது இல்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பில் நடுவர் நூலில் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளும் விதியாக ஒரு மூலையில் அது இருந்தது. அனுபவப்புள்ளி இப்போது பிராணியின் பெயருக்குப் பக்கத்திலேயே, கடைப்பொருளில் விலைச்சீட்டு ஒட்டியது போல. கொல்லாமலும் 'கடந்து' புள்ளி வாங்கலாம் என்று விதி சொல்லும். ஆனால் சீட்டு ஒட்டியிருப்பது கழுத்தில். இன்னொன்றும் 2014 நூலில் உண்டு. ஆட்டக்காரரின் பாத்திரம் பூஜ்யத்துக்கு வந்தால் சாவதில்லை. மயங்கி விழுந்து, சாவோடு பகடை உருட்டிப் போராட வாய்ப்பு. பிராணி பூஜ்யத்துக்கு வந்தால், பெரும்பாலான நடுவர்கள் அங்கேயே செத்ததாக வைத்துக்கொள்வார்கள் என்று நூல் சொல்கிறது. அடிப்பவர் விரும்பினால் கொல்லாமல் மயக்கத்தோடு விடலாம். கருணை இருக்கிறது, அடிப்பவன் கையில். அடிவாங்குகிறவன் கேட்டுப் பெறும் உரிமையாக அது இல்லை. யாருடைய சாவு துக்கப்படத் தக்கது, யாருடையது தக்கதில்லை என்று ஜூடித் பட்லர் கேட்ட கேள்விக்கு இந்த ஆட்டத்தின் விடை விதியாகவே அச்சாகியிருக்கிறது.

எதிர்வாதத்தையும் பார்க்க வேண்டும். புதிய பதிப்புகளின் விதித்துல்லியம் வெறும் இயந்திரத்தனம் மட்டுமல்ல. பழைய ஆட்டத்தில் எல்லாமே நடுவரின் வாயில். நடுவருக்கு வேண்டியவர் சொன்னால் யோசனை பலிக்கும், புதிதாக வந்த பெண் சொன்னால் "அதெல்லாம் நடக்காது". வெர்டி டு வெர்னுவா கொடுத்த 'அனுபவசாலியின் தீர்ப்பு' இப்படியும் வேலை செய்யும். எழுதப்பட்ட விதி பலவீனருக்குப் பிடிமானம். "இதோ பாருங்க, எனக்கு உரிமை இருக்கு" என்று காட்டலாம். அரைமணி நேரத்தில் பாத்திரம் செத்து, மீதிப் பொழுதெல்லாம் வாய் பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமையும் குறைந்தது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டக்காரரின் உயிருக்குத் தந்த பாதுகாப்புக்கு விலையாக எதிரியின் பயத்தைப் பிடுங்கியிருக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

7

இனி, கற்பிப்பவரின் பக்கம். 1983இல் ஃபிராங்க் மென்ட்சர் தொகுத்த சிவப்புப் பெட்டி நூல், ஆசான் இல்லாமலே வாசித்துக் கற்கும்படி 'நீ' என்று விளித்து ஒரு கதை சொல்கிறது. குகையில் உன் காயத்தை ஆற்றி, விவரம் சொல்லித்தரும் அலீனா என்ற பூசாரிப் பெண்ணை பார்கில் என்ற மந்திரவாதி கொன்றுவிடுகிறான். ஒரு தலைமுறையே அந்தச் சாவை மறக்கவில்லை. பாடம் சொன்னவள் செத்துப்போகிறாள், இனி நீதான். வில்லன்மேல் பழிவெறியை ஏற்றும் மலிவான உத்தி என்று சொல்லலாம், பெண்ணின் சாவை ஆணின் தொடக்கமாக்கும் பழைய கதை என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே. ஆனால் ஆசான் விலகிக்கொள்ள வேண்டும் என்ற கற்பித்தல் உண்மையும் அதற்குள் எங்கோ இருக்கிறது.

ஏனென்றால் நான் பார்த்த மேசைகளில் ஆசான்கள் விலகுவதே இல்லை. புதியவரின் முறை வரும். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருக்கும் பழம்தின்று கொட்டைபோட்டவர், "நீ இங்கேர்ந்து நகர்ந்து அங்க நில்லு, அந்த மந்திரத்தைப் போடாதே, இதைப் போடு, இருபது முகப் பகடையை எடு" என்பார். புதியவர் பகடை உருட்டும் கை மட்டும். பவ்லோ ஃபிரெய்ரே 'வங்கிமுறைக் கல்வி' என்றது இதைத்தான்: நிரம்பியவன் காலிப் பாத்திரத்தில் போட்டு வைக்கிறான். பழைய நூல்களும் இதில் யோக்கியம் கிடையாது. 1981 நூல், குழுவின் சார்பாக நடுவரிடம் பேச ஒருவரை நியமிக்கச் சொன்னது. யார் வாய் அது என்று கேட்கத் தேவையில்லை.

ழாக் ரான்சியேர் 1987இல் எழுதிய 'அறியாமையின் ஆசான்' நூலில் ழாக்கோத்தோ என்ற பிரெஞ்சுக்காரரின் கதை வருகிறது. 1818இல் லூவெனில், மாணவர்களின் ஃபிளெமிஷ் மொழி தனக்குத் தெரியாமலே, ஒரு இருமொழி நூலைக் கொடுத்து அவர்களைப் பிரெஞ்சு கற்கவைத்தவர். விளக்குபவன் இல்லாமல் கற்க முடியும். விளக்கம்தான் மாணவனை அறிவிலியாக்குகிறது என்பது ரான்சியேர் எடுத்துக்கொள்ளும் பொருள். இந்த மேசைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. "என்ன செய்றீங்க?" என்ற கேள்விக்கு விதி தெரியாதவரும் பதில் சொல்லலாம். "கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறேன்", "விளக்கை அணைக்கறேன்", "அவன்கிட்ட ஏன் அழுவுறேன்னு கேக்கறேன்". விதி பிறகு வரட்டும். விதியிலிருந்து தொடங்கினால் புதியவர் அட்டவணையில் உள்ளதை மட்டுமே செய்வார். அட்டவணையில் 'அடி' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 'கேள்' என்று இல்லை.

ஆக, தந்திரம் கற்பிக்கும் நடுவருக்கு என் பரிந்துரைகள் சில. ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரியாமல் சாவதில் பாடம் ஏதுமில்லை. முறை வந்தவரைத் தவிர வேறு யாரும் அவருக்காகக் கணக்குப் போடக்கூடாது. அவர் கேட்டால் சொல்லலாம். முதல் எதிரியாக எலும்புக்கூட்டை வைக்காதீர்கள். பயமும் பசியும் குடும்பமும் உள்ள எதையாவது வையுங்கள். முதல் சாவு விழுந்ததும் நடுவர் எதிரியின் மனஉறுதிப் பகடையை மறைவில் உருட்டாமல் எல்லோர் கண்ணெதிரே உருட்டட்டும். அந்தப் பகடை சுழலும் இரண்டு வினாடி மேசையில் ஒரு மௌனம் விழும். இதுவரை அடிக்க வேண்டிய எண்ணாக இருந்தது, ஓடலாமா நிற்கலாமா என்று யோசிக்கிற ஒருவராகிறது. ஓடுபவனைத் துரத்துவதா, மண்டியிட்டவனை என்ன செய்வது, கட்டி இழுத்துப்போனால் யார் சோறு போடுவது? உண்மையான தந்திரக் கேள்விகள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. இவற்றுக்கு அட்டவணை கிடையாது. புதியவரும் பழையவரும் இந்த இடத்தில் சமம்.

8

அரசியல் அமைப்புகளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? கீ தெபோரையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிச் சமூகத்தை விமர்சித்த அவர் தானே ஒரு போர் ஆட்டத்தை வடிவமைத்து, 1987இல் அதைப் பற்றி ஆலிஸ் பெக்கர்-ஹோவுடன் சேர்ந்து நூலும் வெளியிட்டார். மோதலின் தர்க்கத்தைக் கற்கக் கட்டம்போட்ட பலகை உதவும் என்று நம்பினார். அவருடைய பலகையில் இரண்டு சமபலப் படைகள், தெளிவான வழங்கல் பாதைகள். நான் பேசிய மேசையில் சமபலம் இல்லை, பாதை தெரியாது, எதிரே இருப்பவன் எதிரியா என்பதே உறுதியில்லை. நிஜம் எதற்கு நெருக்கம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிற இளைஞருக்கு நாம் முதல் நாள் சொல்லித்தருவது யாரை வெறுப்பது என்றா, எப்படிக் கேட்பது என்றா?

2024 நூலில் 'இனம்' என்ற சொல் போய்விட்டது. வரவேற்கிறேன். அடுத்த கட்டமாக, பிராணியின் பெயருக்குக் கீழே அதன் பலம், கவசம், அடி இவற்றோடு பயம் என்று ஓர் எண்ணையும் மறுபடி அச்சடிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நடுவர் தன் தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டாலே போதும். 'பிரீ-யார்க்' என்று அடுத்த அறையிலிருந்து குரல் வரும்போது, அது அபாயக் குரலா சரணா என்று புதியவர் கேட்கட்டும். நடுவர் உடனே விடை சொல்லிவிடக் கூடாது.